விமானியின் பெயரும் வெட்டியானின் பெயரும்

விமானப்படையிலிருந்து அரசியலுக்கு வந்த ராஜேஷ் பைலட்டின் வாழ்க்கை, பால் ஊற்றிய சிறுவன் மத்திய அமைச்சரான கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சாதி ஒழிப்பில் அக்கறை கொண்டோர் கவனிக்க வேண்டிய செய்தி அவருடைய பெயரில் இருக்கிறது.

1945 பிப்ரவரி 10 அன்று உத்தரப் பிரதேசத்தின் வைத்புரா கிராமத்தில், குர்ஜர் குடும்பமொன்றில் ராஜேஷ்வர் பிரசாத் பிதுரி பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், டெல்லியில் அமைச்சர்களின் பங்களாக்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டே படித்தார். 1966இல் விமானப்படை விமானியாகி, 1971 போரில் பங்கேற்றார். பின்னர் பணியைத் துறந்து, 1980இல் ராஜஸ்தானின் பரத்பூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். கோத்திரப் பெயரான பிதுரியைக் கைவிட்டு, பைலட் என்ற தொழிற்பெயரை அவர் சட்டப்படி ஏற்றது அத்தேர்தலை ஒட்டித்தான்.

தரைவழிப் போக்குவரத்து, தகவல் தொடர்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் அமைச்சராக இருந்தார். 1997இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குச் சீதாராம் கேசரியை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 2000 ஜூன் 11 அன்று ஜெய்ப்பூர் அருகே சாலை விபத்தில் உயிரிழந்தார். மகன் சச்சின் அதே பெயருடன் 2004இல் மக்களவைக்குச் சென்றார். ஒருவர் செய்த தொழில் ஒரே தலைமுறையில் குடும்பப் பெயராகிவிட்டது.

எந்தத் தொழில் பெயராகலாம்?

அது பெருமையாக அமைந்ததில் வியப்பில்லை. ஆனால் தொழிலால் அழைக்கப்படுவது எல்லோருக்கும் பெருமை தருவதில்லை. பட்டுத்தறி ஓசையில் விடியும் எங்கள் ஆரணியில் நெசவாளர் என்ற சொல்லை மேடையிலும் விண்ணப்பத்திலும் தயங்காமல் சொல்லலாம். வெட்டியான், தோட்டி என்ற சொற்களும் தொழிற்பெயர்களே. அவை மனிதர்மீது வசையாக விழுகின்றன. தொழிலை விட்ட பின்னும் பேரப்பிள்ளைகளைத் துரத்துகின்றன. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே படிநிலைகளாகப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான்.

படைப்பணி என்னும் ஏணியும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைத்ததில்லை. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர். அதன்பின் ‘போர்க்குல’க் கொள்கையின் பெயரால் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்தபோதுதான் அது உறுதியாகத் திறந்தது. இன்றும் முப்படைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. விமானியாகித் தொழிற்பெயர் சூட்டிக்கொள்ளும் வாய்ப்பு யாருக்கு எளிது என்பதை இங்கிருந்தே கணிக்கலாம்.

பெயர் மாறினாலும் ஊர் மாறுவதில்லை. ராஜேஷ் பைலட்டை முதலில் மக்களவைக்கு அனுப்பிய பரத்பூரின் கும்ஹேரில், 1992 ஜூனில் ஜாதவ் தலித்துகள் பதினைந்துக்கும் மேற்பட்டோர் ஆதிக்கச் சாதிக் கும்பலால் கொல்லப்பட்டனர். ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பு வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் தரும் பிடிமானம்

தமிழ்நாட்டில் அரசிதழ் வழியாக எவரும் பெயரை மாற்றலாம். திணிக்கப்பட்ட தொழிலிலிருந்து விடுபட அது போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கு உதவுகிறது. பிணத்தையோ செத்த கால்நடையையோ அப்புறப்படுத்தும்படி, அல்லது குழி வெட்டும்படி பட்டியல் சாதியினரைக் கட்டாயப்படுத்துவது பிரிவு 3(1)(i)இன்படி குற்றம். பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 3(1)(s)இன்படி குற்றம். 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும்.

“இது உங்கள் வழக்கமான வேலைதானே” என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லப்படும்போது, புகாரில் எழுத வேண்டிய பிரிவுகள் இவை. வேலையை மறுத்ததற்காகத் தண்ணீரோ கடைச் சாமானோ பாதையோ மறுக்கப்பட்டால், அது சமூகப் புறக்கணிப்பு என்னும் தனிக் குற்றம். அதையும் சேர்த்தே எழுத வேண்டும். தன் தொழிலைத் தானே தேர்ந்த ஒருவர் அதைப் பெயராக அணிந்தார். அந்தத் தேர்வுரிமை சேரியில் பிறந்தவருக்கும் கிடைக்கும் நாளில்தான் தொழிற்பெயர் வெறும் பெயராக இருக்கும்.