மோட்டார் சைக்கிளின் மின் கோளாறுகள்: அபாயமும் பரிகாரமும்

ஓடுகிற வண்டியில் ஃபியூஸ் எரிந்துபோனால், அதைத் துரதிர்ஷ்டம் என்று நொந்துகொள்ளாமல், பெரியதொரு விபத்து தடுக்கப்பட்டதற்கு அத்தாட்சியாகவே கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிப் பாயும் மின்சாரம் வயர்களைச் சுட்டெரிக்குமுன் தன்னையே உருக்கிக்கொண்டு வண்டியைக் காப்பது அந்தச் சிறு கம்பியின் தர்மம். அதை உணராமல், 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியரையோ, அவசரத்துக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தையோ வைத்து ஓட்டுகிறவர், அடுத்த முறை உருகப்போவது பெட்ரோல் டாங்கியின் அடியில் செல்லும் வயரிங்தான் என்பதை மறந்துவிடுகிறார்.

கோளாறின் மூலத்தைக் கண்டறியப் பெரிய வித்தை எதுவும் அவசியமில்லை. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக், டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்து என்ஜின் சுழலாதபோது, புதிய பேட்டரிக்குப் பணம் தேடுமுன், டெர்மினல்களைக் கழற்றிப் பார்ப்பது உத்தமம். அங்கே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடியைச் சுரண்டித் துடைத்து, திருகை இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவிய மாத்திரத்தில் அநேக வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் தொட்டால், ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி எழாது.

அதற்கும் மசியாத கோளாறுக்கு மல்டிமீட்டரே வைத்தியரின் நாடி. இரவெல்லாம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமலும், என்ஜினைச் சற்று முறுக்கியதும் 13.5 முதல் 14.5 வரையிலும் காட்டினால் க்ஷேமம். ஏறாமலே நின்றால் ஸ்டேட்டர் சுருளையோ, ரெகுலேட்டரையோ, இடையிலுள்ள கனெக்டரையோ சந்தேகிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதாகிப் பேட்டரியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வண்டிகளில், என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். சுமார் 3 ஆம்பியர் இழுக்கும் 35 வாட் பல்பை அகற்றி, 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் 100 வாட் பல்பை மாட்டினால், மெல்லிய வயரும் ஸ்விட்சும் அந்தச் சுமையைப் பயணம் முழுதும் தாங்க வேண்டியதாகிறது. கூடுதல் ஹாரனோ விளக்கோ வேண்டுமென்பவர், ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்தே பொருத்துவது விவேகம்.

இந்த ஜாக்கிரதை சட்ட ரீதியாகவும் முக்கியமானது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கோரும் உரிமையைத் தந்திருக்கும் அதே வேளையில், தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மேல் அத்தகைய வழக்குத் தொடர இயலாது என்றும் விதிக்கிறது. ஆதலால், வாரண்டிக் காலத்தில் எவரையும் வயரை வெட்ட விடாமல், ஒவ்வொரு கோளாறையும் ஜாப் கார்டில் எழுதச் செய்து, அதன் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நியாயமான முறையீட்டுக்கும் சர்வீஸ் சென்டர் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற உதவி எண்ணை அழையுங்கள். அதுவும் பயன்படாவிடில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுச் செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அதற்குக் கட்டணமே இல்லை.