மருந்தை உறையில் போட்டு அனுப்பும் நானோ துகள்கள்

நம் வாசகர்களுக்கு நானோமீட்டர் என்ற சொல் புதிதல்ல. 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பெண்டியம் 4 பிரெஸ்காட் பிராசசர், 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. (இப்போது அது உண்மையான அளவைவிட ஒரு விற்பனைப் பெயராகவே உள்ளது என்பது வேறு விஷயம்.) சுமார் 90 நானோமீட்டர் அளவுள்ள இன்னொரு பொருள் மருத்துவமனைகளில் நோயாளிகளின் இரத்தத்தில் ஏற்றப்படுகிறது. அதுதான் மருந்தைச் சுமந்து செல்லும் நானோ துகள். இது எப்படிச் செயல்படுகிறது, இதில் நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை 100 கோடி பங்குகளாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,500 நானோமீட்டர். ஆகவே 100 நானோமீட்டர் துகள், மிக நுண்ணிய இரத்தக் குழாயிலும் சிக்காமல் போய்வரும். இன்னும் சிறிதாக்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். மிகவும் பெரிதானால் கல்லீரலும் மண்ணீரலும் விரைவில் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட அளவே வசதியானது.

உறை எதற்கு?

ஊசி மூலம் ஏற்றும் மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டிய ஃபைலை, நெட்வொர்க்கில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்புவது போன்றது இது. ஃபைல் என்றால் அழித்துவிடலாம். மருந்து அப்படி அல்ல. புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து, இதயத் தசையையும் பாதிக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் இவ்வளவுதான் தரலாம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இதற்கு வழி காட்டியது பிரிட்டனைச் சேர்ந்த அலெக் பாங்காம் என்பவரின் ஆராய்ச்சி. பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் பொருள் தண்ணீரில் தானாகவே நுண்ணிய பைகளாக உருவெடுப்பதை அவர் 1960களில் விளக்கினார். நம் செல்களின் சவ்வும் இதே வகைப் பொருளால் ஆனதுதான். இந்தப் பைக்கு லிப்போசோம் என்று பெயர். இதற்குள் டாக்ஸோரூபிசினை அடைத்து, உடலின் காவல் செல்கள் எளிதில் பிடிக்காதபடி மேலே பாலிஎத்திலின் கிளைக்கால் பூச்சு கொடுத்துத் தயாரித்த மருந்துதான் டாக்சில். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு இதற்கு 1995ஆம் ஆண்டில் ஒப்புதல் தந்தது.

இது எப்படிப் புற்றுக்கட்டியை அடைகிறது? அவசரமாக வளரும் கட்டியின் இரத்தக் குழாய்களில் இடைவெளிகள் இருக்கும். அதன் வழியே துகள்கள் கசிந்து உள்ளே தங்கும். இதயத்தின் இரத்தக் குழாய்கள் நெருக்கமானவை. அங்கே துகள் எளிதில் நுழையாது. எனவே இதயப் பாதிப்பு குறைகிறது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தோல் சிவந்து வலிக்கும் பக்கவிளைவு இதில் அதிகம்.

பீகாரில் நடந்தது

ஆம்போடெரிசின் பி என்ற மருந்து பூஞ்சைத் தொற்றுக்கும் காலா அசார் நோய்க்கும் பயன்படுகிறது. இதன் சாதாரண வடிவம் காய்ச்சல், குளிர் நடுக்கம் தருவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். பீகாரில் காலா அசார் நோயாளிகளிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சாதாரண மருந்தை 29 நாட்கள் மருத்துவமனையில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை ஏற்றினார்கள். மற்ற பிரிவினருக்கு லிப்போசோம் மருந்தை ஒரே ஒரு முறை ஏற்றினார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ 96 சதவீதம் பேர் குணமானார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு மாதம் மிச்சம் என்றால் சும்மாவா!

2021ஆம் ஆண்டில் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய்க்காக நாடெங்கும் மக்கள் தேடி அலைந்தது இதே லிப்போசோம் மருந்தைத்தான். ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளிலும் எளிதில் சிதையும் எம்.ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பது கொழுப்பு நானோ துகளே.

எல்லாம் சரியாகப் போய்ச் சேருமா?

இல்லை. பத்து ஆண்டு காலத்தில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளை டொரண்டோ பல்கலைக்கழகத்தினர் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஏற்றிய துகள்களில் கட்டியை அடைந்தது, நடுமதிப்பாகப் பார்த்தால், 0.7 சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவிடுகின்றன. ஆகவே இந்த முறையின் இன்றைய பெரிய பலன், பக்கவிளைவுகளைக் குறைப்பதுதான்.

கவனிக்க வேண்டியது

மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறை மாறினால் அளவும் மாறும். சாதாரண ஆம்போடெரிசின் பி-யை ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மி.கி.க்கு மேல் தரக்கூடாது. லிப்போசோம் வடிவத்தைக் கருப்புப் பூஞ்சைக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேலும் தருவார்கள். அந்த அளவில் சாதாரண மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. டாக்ஸோரூபிசினிலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தரக்கூடாது. எனவே மருந்து வாங்கி வரச் சொன்னால், சீட்டிலும் குப்பியிலும் 'லிப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.