பெட்டி நம்முது, சாவி அவங்களுது

(தலைப்பு: வீடியோ கேம் கம்பெனிகள் நமக்கு விளையாட்டை விற்கின்றனவா, வாடகைக்கு விடுகின்றனவா? கோபிசெட்டிபாளையம் பட்டிமன்றத்தில் ‘வாடகைக்கே விடுகின்றன’ என்ற அணியில் பேசியது.)

அன்பு நடுவர் அவர்களே! ‘இந்தப் பெரியவருக்கு வீடியோ கேமைப் பத்தி என்ன தெரியும்’ என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! தடப்பள்ளி வாய்க்கால் தண்ணியில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வேலையெல்லாம் முடித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாதுங்க. ஒத்துக்கறேன். என் பேரன் ஒருநாள் அந்தக் கைப்பிடியை என்கிட்டக் கொடுத்து, “அப்புச்சி, காரை ஓட்டுங்க”ன்னான். நான் ஓட்டுன ஓட்டுல கார் நேரா போய்க் கடல்ல விழுந்துருச்சு. “அப்புச்சி, உங்களுக்கு மாட்டு வண்டிதான் சரி”ன்னுட்டான். (சிரிப்பு)

ஆனால் ஒன்று, நான் விவசாயி. சொந்த நிலம் எது, குத்தகை நிலம் எது என்று எனக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்த்தால் ரெண்டும் ஒரே பச்சையாத்தான் இருக்கும். பத்திரத்தை எடுத்துப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். எதிரணித் தலைவர் வந்து பச்சையைக் காட்டிவிட்டுப் போனார். நான் பத்திரத்தைப் பிரித்துப் படிக்க வந்திருக்கிறேன்.

1996-இல் என் மகளும் மகனும் அழுது அடம்பிடித்து ஒரு டி.வி. கேம் வாங்க வைத்தார்கள். ஈரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். அட்டைப் பெட்டி மேல ‘9999 ஆட்டங்கள்’ன்னு போட்டிருந்துச்சு. ஊட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா, பத்துப் பதினைஞ்சு ஆட்டந்தான். அதையே திருப்பித் திருப்பிப் போட்டு வெச்சிருக்கான். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற பெட்டிக்கு அது நகல். அனுமதி வாங்காமல் செய்த நகல். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை.

நான் சொல்ல வருவது அந்தக் கேசட்டைப் பற்றி. மேரியோ, காண்ட்ரா என்று தெருவில் நாலு வீட்டில் நாலு கேசட். இவன் அவனுக்குக் கொடுப்பான், அவன் இவனுக்குக் கொடுப்பான். ஓடலைன்னா கழட்டி, வாயால ஒரு ஊது ஊதி மறுபடி சொருகுவான். கடைசியில் என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பெட்டியையும் கேசட்டையும் பங்காளி வீட்டுப் பையனுக்குக் கொடுத்தோம். யாரைக் கேட்டுக் கொடுத்தோம்? யாரையும் கேட்கவில்லை. ஏன்? அது நம்ம சொத்து. விற்பனை என்றால் அதுதான் விற்பனை!

அப்படியானால் பூட்டு எப்போது வந்தது? அதில் கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அட்டாரி என்று ஒரு கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. ஆட்டத்தை எழுதிய இளைஞர்களுக்குப் பெயரும் கொடுக்கவில்லை, லாபத்தில் பங்கும் கொடுக்கவில்லை. அவர்களில் சிலர் 1979-இல் வெளியே வந்து ஆக்டிவிஷன் என்று தனிக்கடை போட்டார்கள். அதைப் பார்த்து ஆளாளுக்குக் கேசட் போட ஆரம்பித்தார்கள். மொடச்சூர் சந்தையில் தக்காளி குவிந்த மாதிரி சரக்கு குவிந்தது. தரம் போனது, விலை போனது, 1983-இல் வியாபாரமே படுத்துவிட்டது. விற்காத கேசட்டுகளை அட்டாரி லாரியில் ஏற்றிப்போய் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு குப்பைக் குழியில் புதைத்தது. 2014-இல் தோண்டிப் பார்த்தார்கள், கேசட்டுகள் உள்ளேயே இருந்தன.

இதைப் பார்த்துப் பாடம் படித்தது நிண்டெண்டோ. அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் ஒரு சின்னச் சில்லை வைத்தது. கேசட்டில் அதற்கு ஜோடியான சில்லு இருந்தால்தான் ஆட்டம் ஓடும். ஆட்டம் தயாரிப்பவர்கள் வருஷத்துக்கு ஐந்து ஆட்டம்தான் போடலாம், கேசட்டை நிண்டெண்டோவிடம்தான் செய்து வாங்க வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டது. தரம் காப்பாற்றப்பட்டது, உண்மைதான். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு, கொஞ்ச நாளில் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது.

கடைக்காரர்கள் குறிப்பிட்ட விலைக்குக் கீழே பெட்டியை விற்கக்கூடாது என்று நெருக்கியதாக, அமெரிக்க அரசு வழக்கை எடுத்தது. 1991-இல் நிண்டெண்டோ சமரசத்துக்கு வந்தது. வாங்கினவங்களுக்கு என்ன நஷ்டஈடு தெரியுமுங்களா? ஐந்து டாலர் கூப்பன்! அதை எங்கே செலவழிக்கலாம்? நிண்டெண்டோ கேசட் வாங்கச் செலவழிக்கலாம்! (சிரிப்பு) அபராதம் கட்டும்போதும் அவங்க கடைக்கு ஆள் சேர்க்கறாங்க பாருங்க. சாமர்த்தியம்!

அடுத்து, எதிரணியில் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டார். “அவ்வளவு பெரிய கம்ப்யூட்டரை இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே, அவர்களா பணம் பறிப்பவர்கள்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் 2021-இல் ஒரு நீதிமன்றத்தில் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் உயர் அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் எங்களுக்கு என்றைக்குமே லாபம் வந்ததில்லை என்று சொன்னார்.

லாபமே இல்லாமல் எவனாவது வியாபாரம் செய்வானா? நம்ம பண்ணாரிக் காட்டுப் பக்கம் ஒருத்தர் வந்து, “யானை இனாம், ஓட்டிட்டுப் போங்க”ன்னா என்ன அர்த்தம்? “கரும்பு மட்டும் எங்க கடையிலதான் வாங்கணும்”னு அர்த்தம்! (கைதட்டல்) பெட்டிதான் யானை, ஆட்டம்தான் கரும்பு. பெட்டிக்குள் இருக்கும் கடையில் வேறு ஒருவர் செய்த ஆட்டம் நூறு ரூபாய்க்கு விற்றால், வழக்கமாக முப்பது ரூபாய் பெட்டிக்காரருக்குப் போகிறது. நம்ம மஞ்சள் மண்டியிலும் கமிஷன் உண்டு. ஆனால் ஒரு மண்டி பிடிக்கலைன்னா மூட்டையைத் தூக்கிட்டு அடுத்த மண்டிக்குப் போயிரலாமுங்க. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதே ஒரே ஒரு மண்டிதான்!

இன்னொரு வேடிக்கை. பெட்டி நம்முது, ஆட்டம் நம்முது, கரண்ட் பில் நாம கட்டறோம், இன்டர்நெட் பில்லும் நாம கட்டறோம். ஆனாலும் பக்கத்துத் தெரு நண்பனோடு இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஆட, பெரும்பாலான ஆட்டங்களுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். சோனியின் மூன்றாவது பிளேஸ்டேஷன் வரைக்கும் இது இலவசம். 2013-இல் நாலாவது வந்தபோது காசு ஆக்கிவிட்டார்கள்.

அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப் பெட்டியை அறிவித்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அது இன்டர்நெட்டில் கம்பெனியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பழைய டிஸ்கை இன்னொருவருக்குக் கொடுக்கக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். சோனிக்காரர்கள் உடனே ஒரு குட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். ‘எங்கள் பெட்டியில் ஆட்டத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி?’ ஒருவர் டிஸ்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம்! உலகமே சிரித்தது. ஒரு சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாட்டையே வாபஸ் வாங்கியது.

அப்படிச் சிரித்த சோனி 2024-இல் என்ன செய்தது? பிளேஸ்டேஷன் 5 ப்ரோ என்று விலை உயர்ந்த பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் டிஸ்க் போட வாயே இல்லை. வாய் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்! மாமியாரைக் கேலி பண்ணின மருமக, தான் மாமியாரான கதைங்க இது. (சிரிப்பு)

தாய்மார்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கேதான் நம் வீட்டுக் கணக்கு வருகிறது. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது, டிஸ்க் போடும் பெட்டிக்கு 49,990 ரூபாய், டிஸ்க் போடாத பெட்டிக்கு 39,990 ரூபாய் என்று விலை வைத்தார்கள். பத்தாயிரம் மிச்சம் என்று மனசு துள்ளும். ஆனால் அப்போது சோனியின் பெரிய புது ஆட்டம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். நண்பனிடம் ரெண்டே ரெண்டு டிஸ்க் இரவல் வாங்கி ஆடினாலே அந்தப் பத்தாயிரம் சரியாகிவிடுகிறது. டிஸ்க் இல்லாத பெட்டியில் இரவல் கிடையாது, பழசு வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்க முடியாது. விதைநெல் எடுத்து வைக்க முடியாத ரகம் மாதிரி. ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குத்தான் போகணும்.

சரி, வாங்கினதாவது நிலைக்குமா? யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-இல் ‘தி க்ரூ’ என்று ஒரு கார் ஆட்டம் விற்றது. 2024 மார்ச் 31-ஆம் தேதி அதன் சர்வரை அணைத்தார்கள். டிஸ்க் கையில் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ஆட்டம் இல்லை! நிலம் வாங்கினவன் பத்து வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, வரப்பு மட்டும் இருக்குது, நிலத்தைக் காணோம்! இதை எதிர்த்து ஐரோப்பாவில் 2025-க்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நீ கொடுப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பட்டன் போடாதே என்கிறது சட்டம். நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதத்தை ஒரு மாநில அரசே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது! (கைதட்டல்)

இனி என் வீட்டுக் கதை. பேரனுக்கு வயசு பதிமூணு. வருஷத்துக்கு ரெண்டு ஆட்டம் வாங்கலாம் என்று என் மருமகன் அந்தக் கடைக் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் போட்டு வைத்தார். அவர் ஆட்டோ பாகம் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. பையன் ஆடினது ஒரு கால்பந்து ஆட்டம். அதில் சீட்டுக் கட்டு மாதிரி ஒன்றைக் காசு கொடுத்துப் பிரித்தால் உள்ளே நல்ல ஆட்டக்காரர் வரலாம், வராமலும் போகலாம். மூணே ராத்திரியில் எட்டாயிரமும் போச்சு. பையன் ரெண்டு நாள் சோறு திங்கல. கேட்டதுக்கு அழுதுக்கிட்டே சொல்றான்: “அப்புச்சி, அடுத்த கட்டுல வந்துரும், அடுத்த கட்டுல வந்துரும்னு நெனச்சேன்.”

அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தைங்க. “நாளைக்கு அடிச்சுரும், நாளைக்கு அடிச்சுரும்”னு லாட்டரிச் சீட்டு வாங்கினவங்க இதே பஸ் ஸ்டாண்டுல பேசிக் கேட்டிருக்கேன். 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் நம் மாநிலம். தெருவில் ஒழித்தது, வேறு வேஷம் போட்டு நடுக்கூடத்தில் டி.வி. பெட்டி வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. பெல்ஜியம் நாட்டில் 2018-இலேயே, சில ஆட்டங்களில் இருந்த இந்த மாதிரிக் கட்டுகளைச் சூதாட்டம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கம்பெனி, விருப்பமில்லாமலே காசு போகும்படி பட்டன்களை அமைத்ததாக எழுந்த புகாரில், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட 2022-இல் ஒப்புக்கொண்டது.

என் மருமகன் பையனை அடிக்கக் கை ஓங்கினார். நான் தடுத்தேன். “மாப்பிள்ளை, அவன் குழந்தைங்க. எதிர்ல உட்கார்ந்து கணக்குப் போட்டவங்க பெரிய படிப்புப் படிச்ச ஆயிரம் பேருங்க. ஒண்டியா நின்னவனை அடிக்காதீங்க”ன்னேன். அவர் கையை இறக்கிட்டு, பையன் பக்கத்துல உட்கார்ந்துட்டார். (கைதட்டல்)

அதற்காகப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்லவில்லை. நல்ல ஆட்டம் நல்ல சினிமா மாதிரி; அதைச் செய்கிற கலைஞர்கள் பிழைக்க வேண்டும். பெற்றோர் கட்டுப்பாடு வைக்க அந்தப் பெட்டியிலேயே வசதி இருக்கிறது என்று எதிரணி அம்மையார் சொன்னார், அதுவும் உண்மை. வசதி இருக்குது, நாமதான் திறந்து பார்க்கறதில்ல. எங்கள் வீட்டில் இப்போது செலவுக்கு வரம்பு வைத்து, ரகசிய எண் போட்டாயிற்று. கடைக் கணக்கில் மிச்சக் காசு வைப்பதில்லை. டிஸ்க் போடும் பெட்டிதான். ஆடி முடித்த டிஸ்க் மாமன் வீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து ஒன்று வருகிறது. புது ஆட்டம் வாங்குமுன், இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்று பேரனே விசாரித்துச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து காரைக் கடலில் விடுகிறேன்.

நடுவர் அவர்களே! விற்றவன் பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். வாடகைக்கு விட்டவன்தான் மாசா மாசம் வருவான், விலையை ஏற்றுவான், ஒருநாள் காலி பண்ணு என்பான். இந்தக் கம்பெனிகள் மூன்றையும் செய்கின்றன. பெட்டி நம்முது, சாவி அவங்களுது. எனவே அவர்கள் விளையாட்டை வாடகைக்கே விடுகிறார்கள் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, என் பேரன் முதல் வரிசையில் உட்கார்ந்து மணியைக் காட்டுவதால், விடைபெறுகிறேன்.