பாதுகாப்புப் பதிவேடுகளும் எளிய மென்பொருளும்

அரிசி ஆலையொன்றில் இயந்திரப் பட்டியில் கை அகப்பட்டு விரல்களை இழந்த தொழிலாளி ஒருவர், சில மாதங்களின் பின்னர் நட்டஈடு கோரிச் செல்கின்றார் எனக் கொள்வோம். விபத்து எந்நாளில், எத்தனை மணிக்கு நேர்ந்தது? இயந்திரத்தின் காப்பு மூடி பொருத்தப்பட்டிருந்ததா? அருகில் நின்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையாக ஆலையில் ஒரு வரிப் பதிவேனும் இல்லாதவிடத்து, அவரது கோரிக்கை பிறரது ஞாபகசக்தியிலேயே தங்கி நிற்கின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்பட்டது என்பது நிலைநாட்டப்பட வேண்டும். பதிவு இல்லாமையால் பெரிதும் பாதிக்கப்படுபவர் தொழிலாளியே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பதிவு வைத்தல் முதலாளியின் விருப்பத்திற்கு விடப்பட்ட விடயமன்று. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொதுப் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டுமென விதிக்கின்றது. உயிரிழப்பை ஏற்படுத்திய அல்லது தொழிலாளி ஒருவரை 3 நாட்களுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க இயலாதவராக்கிய விபத்து, எழுத்து மூலம் உடன் அறிவிக்கப்பட வேண்டும். எனினும் விபத்து நடந்த பின்னரோ, பரிசோதகர் வரவிருக்கும் வேளையிலோ பழைய ஏடுகளை அவசர அவசரமாக நிரப்பும் வழக்கம் பலவிடங்களில் நிலவுகின்றது. இக்குறையைப் போக்கும் நோக்குடன் மென்பொருளை நாடுவோர் எதனைத் தெரிவு செய்வது என்பதில் தடுமாறுகின்றனர்.

முதலில் எதனைப் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தல் அவசியம். விபத்துகளும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களும். கொதிகலன், பாரந்தூக்கி முதலியவற்றின் பரிசோதனைத் திகதிகள். ஊழியர் பெற்ற பயிற்சி. வழங்கப்பட்ட கையுறை, தலைக்கவசம் போன்ற சாதனங்கள். கண்டறியப்பட்ட குறைகளும் அவற்றைத் திருத்தும் பொறுப்பை ஏற்றவரும். சிறிய, நடுத்தர நிறுவனமொன்றுக்கு இந்த ஐந்து பட்டியல்களும் பெரும்பாலும் போதுமானவை.

இருபது, முப்பது பேர் பணிபுரியும் இடத்திற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டிய தேவை இல்லை எனலாம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் விரிதாளில் இப்பட்டியல்களை அமைத்துக் கொள்ளலாம். ஆனால் விரிதாளுக்கும் குறைபாடு உண்டு. எழுதியதை எவரும் சுவடின்றி மாற்றலாம். ஒரே கோப்பின் பல பிரதிகள் உருவாகி எது சரியானது என்ற குழப்பம் தோன்றலாம். பல பிரிவுகள் அல்லது பல கிளைகள் உள்ள நிறுவனங்கள் தனி மென்பொருளை நாடுவதற்கு இதுவே தகுந்த காரணமாகும்.

அவ்வாறு நாடுவோர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது மொழி பற்றியது. மலையகத் தேயிலைத் தொழிற்சாலையிலோ கிழக்கின் ஆலையிலோ விபத்தை முதலில் காண்பவர் மேற்பார்வையாளரும் உடன் தொழிலாளியுமே. அவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுத இயலாத மென்பொருளில், நடந்தது ஒன்றும் பதிவாவது வேறொன்றுமாகிவிடும். ஒருங்குறி எழுத்துகளை அது ஏற்கின்றதா என்பதை விற்பனையாளர் கூறுவதை நம்பாது நாமே தட்டச்சுச் செய்து பார்ப்பது நன்று.

இரண்டாவது, மின்சாரமும் இணைய இணைப்பும் அற்றபோது அது இயங்குமா என்பது. 2022 இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் முக்கியத்துவம் நன்கு தெரியும். கையடக்கத் தொலைபேசியில் பதிந்து, இணைப்புக் கிடைத்ததும் சேர்த்துக்கொள்ளும் வசதி வேண்டும். அச்சிட்ட படிவமும் கைவசம் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது விலை. டொலரில் மாதக் கட்டணம் அறவிடும் சேவைகள் முதலில் மலிவாகத் தோன்றலாம். 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. கட்டணம் செலுத்த இயலாது போனால் பழைய பதிவுகள் என்னவாகும்? அவை அனைத்தையும் சாதாரண விரிதாளாக வெளியே எடுக்க வழியில்லாத மென்பொருளை வாங்காதிருப்பதே உத்தமம்.

நான்காவது நம்பகத்தன்மை. யார், எப்போது எழுதினார், பின்னர் யார் திருத்தினார் என்பது அழியாது நிற்க வேண்டும். பரிசோதனைத் திகதி நெருங்கும்போது முன்கூட்டியே நினைவூட்டவும் வேண்டும். ஐந்தாவது அந்தரங்கம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவல்களை விசேட வகைக்குள் அடக்கியுள்ளது. ஒருவரது காய விபரத்தை அலுவலகத்திலுள்ள அனைவரும் பார்க்கக் கூடியதாக இருத்தல் முறையன்று.

இவை யாவும் திருப்தியாயினும் உடனே பணம் கட்டிவிடலாகாது. கணினியில் தேர்ச்சியற்ற மேற்பார்வையாளர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, கற்பனையான விபத்தொன்றைப் பதியச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடங்களில் அவரால் இயலவில்லையெனில், குறை அவரிடத்தில் அன்று, மென்பொருளிலேயே உள்ளது. நூறு வசதிகள் கொண்டிருந்தும் எவரும் நிரப்பாத மென்பொருளைவிட, அன்றன்றே நிரப்பப்படும் கொப்பி மேலானதாகும்.

2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியின் இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தாங்கி தொடர்பான விபத்தில் ஐவர் உயிரிழந்தனர். காப்பாற்றச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய தாங்கிகள் உள்ள இடங்களில் எது ஆபத்தானது, அதனுள் இறங்கப் பயிற்சி பெற்றவர் யார், சுவாசக் கருவி இறுதியாக என்று பரிசோதிக்கப்பட்டது என்பன ஆபத்து வருமுன்னரே ஒரு நொடியில் அறியக் கிடைக்க வேண்டியவையாகும். பதிவின் மெய்யான பயன் அதுவே.

ஆயினும் குறையைச் சொன்னவரே குற்றவாளியாக்கப்படும் தொழிலகத்தில் எந்த மென்பொருளாலும் பயன் விளையாது. தமது விபத்துப் பற்றி எழுதப்பட்டதை வாசித்தறியவும் அதன் பிரதியைப் பெறவும் தொழிலாளர்க்கு வழி செய்யப்பட வேண்டும். அதற்கு இடமளிக்கும் முதலாளிமார் முன்வருவார்களாயின், மென்பொருளுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது என்பதே எமது கருத்தாகும்.