மூன்று சென்டிமீட்டரும் முப்பது சென்டிமீட்டரும்

1869 பிப்ரவரி 5. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மோலியாகல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி ஜான் டீசன் ஒரு மரத்தின் வேரடியைக் கொத்திக்கொண்டிருந்தார். மூன்று சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது, குந்தாலி எதிலோ மோதி நின்றது. டீசனும் கூட்டாளி ரிச்சர்ட் ஓட்ஸும் வெளியே எடுத்தது, உலகில் இதுவரை கிடைத்த வண்டல் தங்கக்கட்டிகளில் மிகப் பெரியது. பக்கத்து ஊரான டனோலியில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லை. கொல்லனின் பட்டடைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். கல்லும் மண்ணும் நீங்கிய தங்கம் ஏறத்தாழ 72 கிலோ. நம் கணக்கில் 9,000 சவரன். ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வட்டாரத்தில் 1850களிலிருந்தே ஆட்கள் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எத்தனையோ பேர் அந்த மரத்தடியைக் கடந்து போயிருப்பார்கள். மூன்று சென்டிமீட்டர் மண் போதுமாயிருந்தது, 72 கிலோவை மறைக்க. அன்றைய தேடலுக்குக் கண்ணும் கையும்தான் கருவி. ஓடை மணலைத் தட்டில் போட்டு அலசுவார்கள், வண்டல் இருக்கும் போக்கைப் பார்த்துக் குழி இறக்குவார்கள். குழிக்கும் குழிக்கும் நடுவே விட்டுப்போன நிலத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

1980 செப்டம்பரில், ‘தங்க முக்கோணம்’ என்று அழைக்கப்படும் அதே வட்டாரத்தில், கிங்கோவர் என்ற ஊரின் ஓரத்தில் கெவின் ஹில்லியர் என்பவரின் ஹெட்போனில் ஒரு சத்தம் கேட்டது. அவர் கையில் இருந்தது காரெட் நிறுவனத்தின் மெட்டல் டிடெக்டர். சுமார் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தங்கக்கட்டி செங்குத்தாக நின்றிருந்தது. எடை 27.21 கிலோ. ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்ற பெயரோடு பத்து லட்சம் டாலருக்கும் மேல் விலைபோய், அமெரிக்காவின் லாஸ் வேகஸில் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மெட்டல் டிடெக்டரால் கண்டெடுத்த தங்கக்கட்டிகளில் இன்றும் அதுதான் பெரியது.

மூன்று சென்டிமீட்டரிலிருந்து முப்பது. கருவி வாங்க வருகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி அப்போதும் இப்போதும் ஒன்றுதான்: “எவ்வளவு ஆழம் போகும்?” அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. பாதிப் பதில் கருவிக்குள் இருக்கிறது, மீதி அது நிற்கிற மண்ணில் இருக்கிறது. டிடெக்டர்களில் வந்த மாற்றத்தை மண்ணை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

விக்டோரியாவின் தங்க மண் செம்மண். இரும்பு நிறைந்தது, மிகப் பழையது. காட்டுத்தீ அடிக்கடி பரவும் நாடு அது. தீயின் சூட்டில் மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்களில் ஒரு பகுதி மேக்ஹெமைட் என்ற காந்தத்தன்மையுள்ள தாதுவாகிவிடும். டிடெக்டரின் காயில், அதாவது தரைக்கு மேலே வீசும் கம்பிச்சுருள், மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் உலோகம் திருப்பி அனுப்பும் மிகச்சிறிய அலையைக் கேட்கிறது. ஆனால் இந்த மண்ணே பதில் சொல்லும். தங்கத்தைவிடச் சத்தமாகச் சொல்லும். வழியில் கிடக்கும் இரும்புக் கற்களும் தங்கம் போலவே கத்தும். தேடுபவர்கள் அவற்றைச் ‘சூட்டுக் கல்’ என்பார்கள்.

எழுபதுகளில் வந்த கருவிகள் இதற்குக் கண்ட வழி கிரவுண்ட் பேலன்ஸ். தேடுபவர் காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கிக்கொண்டே ஒரு திருகைத் திருப்புவார். ஏற்றி இறக்கினாலும் சத்தம் மாறாத இடம் வந்தால், மண்ணின் பதில் கழிந்துவிட்டது என்று பொருள். நான்கு அடி தள்ளிப் போனால் மண் மாறும், திருகை மறுபடி திருப்ப வேண்டும். சோம்பல்பட்டவர் காலையில் ஒருமுறை சரிசெய்துவிட்டு மாலை வரை நடப்பார். அவருடைய கருவி அன்று முழுக்கப் பாதி ஆழம்தான் போயிருக்கும், அது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் திருகில் தேர்ந்த கைகள் சாதாரணக் கருவியை வைத்துக்கொண்டே தங்கம் எடுத்தன.

பெரிய திருப்பம் 1995இல் வந்தது. அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனம், புரூஸ் கேண்டி என்ற இயற்பியலாளரின் வடிவமைப்பில் எஸ்.டி. 2000 என்ற கருவியை வெளியிட்டது. இது தொடர்ந்து அலை அனுப்பாது. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தி, அமைதியில் காது கொடுக்கும். உலோகத்தில் கிளம்பிய மின்சுழல் சற்று நேரம் நீடித்துத் தேயும், அந்தத் தேய்மானத்தைக் கேட்பதுதான் வேலை. துடிப்பு முறை அதற்கு முன்பும் இருந்தது. மேக்ஹெமைட் மண்ணும் தன் பங்குக்கு மெல்லத் தேயும் என்பதுதான் சிக்கலாக இருந்தது. வெவ்வேறு நீளத் துடிப்புகளை அனுப்பி, அவற்றின் பதில்களை ஒப்பிட்டு, மண் தேயும் விதத்தை மட்டும் கழித்தெடுத்தார் கேண்டி. பழைய கருவிகள் வாயடைத்து நின்ற செம்மண்ணில், ‘துடைத்து எடுத்தாயிற்று’ என்று கைவிட்ட திட்டுகளில், மறுபடி தங்கம் வரத் தொடங்கியது.

இந்தக் கழித்தலுக்கு ஒரு விலை உண்டு. விளம்பரங்கள் அதைப் பேசுவதில்லை, களத்தில் இருப்பவர்கள் பேசுவார்கள். மண் தேயும் வேகத்துக்கு ஒத்த வேகத்தில் தேயும் தங்கமும் இருக்கிறது. மண்ணைக் கழிக்கும்போது அதுவும் சேர்ந்து கழிந்துபோகும். கருவியின் காதில் அது ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் விழுகிற கட்டி, பத்து சென்டிமீட்டரில் இருந்தாலும் கேட்காது. இதனால்தான் பின்னால் வந்த ஜி.பி.எக்ஸ். வரிசைக் கருவிகளில் நார்மல், சென்சிட்டிவ் எக்ஸ்ட்ரா, என்ஹான்ஸ், ஃபைன் கோல்டு என்று பல டைமிங்குகளை, அதாவது துடிப்பின் நேர அமைப்புகளை, வைத்தார்கள். ஒவ்வொன்றின் ஓட்டையும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். சாதுவான மண்ணில் நார்மல் ஆழமாகப் போகும். கத்துகிற மண்ணில் அதே நார்மல் இரைச்சலில் மூழ்கும், என்ஹான்ஸ் அமைதியாக உழைக்கும். எந்த மண்ணில் எதைப் போடுவது என்று தெரியாதவர் கையில் விலை உயர்ந்த கருவி, விலை குறைந்த கருவியாகிவிடும். 2015இல் வந்த ஜி.பி.இசட். 7000, சுமார் 10,000 ஆஸ்திரேலிய டாலர் விலையில், வேறொரு அலைமுறையால் இந்த ஓட்டைகளைப் பெருமளவு அடைத்தது. கம்பிபோலவும் கல்லோடு பின்னியும் கிடந்த தங்கம் அப்போதுதான் கணிசமாக வெளியே வந்தது.

இனி ஆழக் கணக்கு. காந்தப்புலம் காயிலிலிருந்து விலக விலக, தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப மெலிகிறது. உலோகத்திலிருந்து திரும்பி வரும் அலையும் அதேபோல மெலிகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் படி. சிறு கட்டி காயிலின் அகலத்தைவிடத் தள்ளிக் கிடக்கும்போது, இரண்டு மடங்கு ஆழத்தில் அதைக் கேட்க 64 மடங்கு வலுவான காது வேண்டும். வெறும் பத்து சதவீதம் கூடுதல் ஆழத்துக்கே ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆகவே, ‘முந்தைய மாடலைவிட இரு மடங்கு ஆழம்’ என்று எவராவது சொன்னால், எந்த மண்ணில், எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். இன்றைய நல்ல கருவிகளுக்குள்ளே சாதாரண மண்ணில் இருக்கும் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். மோசமான மண்ணில் அந்த வித்தியாசம் மலைபோல் விரியும்.

அதேசமயம், காசு கொடுக்காமல் கிடைக்கிற ஆழத்தைப் பலர் தினமும் வீணாக்குகிறார்கள். காயிலைத் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூக்கி வீசினால் அந்த ஐந்தும் போச்சு. வேகமாக வீசினால் ஆழத்துச் சத்தம் உருவாகும் முன்பே காயில் கடந்துவிடும். ஒரே சுருள் கொண்ட மோனோ காயிலின் புலம் கீழே போகப்போகக் குறுகும், ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதியாவது படிய வேண்டும். பெரிய காயில் பெரிய கட்டியை ஆழத்தில் கேட்கும், அரிசிமணித் தங்கத்தை விட்டுவிடும். எந்தத் தங்கம் வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் எந்தக் காயில் என்பது.

சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, முழுக்க ஏற்றினால் ஆழமும் ஏறும் என்ற நம்பிக்கை எண்பதுகளிலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு எல்லைக்கு மேல் ஏறுவது இரைச்சல் மட்டும்தான். ஹெட்போனில் த்ரெஷோல்ட் என்ற மெல்லிய முனகல் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைப்பார்கள். கச்சேரியில் தம்பூரா சுருதி மாதிரி அது. ஆழத்துத் தங்கம் ‘டிங்’ என்று மணி அடிக்காது, அந்தச் சுருதியில் லேசாக ஒரு வளைவு, ஒரு அசைவு, அவ்வளவே. சுருதி கலகலத்துக்கொண்டிருந்தால் அந்த வளைவு காதில் விழாது. சென்சிட்டிவிட்டியை இரண்டு படி இறக்கி முனகல் சீரானதும், ஆழம் கூடுவதைப் பார்க்கலாம். பக்கத்தில் மின்கம்பி, தூரத்தில் இடி, அருகில் இன்னொரு டிடெக்டர் எல்லாமே அந்தச் சுருதியைக் கெடுக்கும். அதனால்தான் களத்தில் கருவியை ஆன் செய்ததும் இரைச்சல் நீக்கும் பொத்தானை முதலில் அழுத்தச் சொல்கிறார்கள்.

இன்றைய கருவிகள் மண்ணைத் தாமே தொடர்ந்து அளந்து சரிசெய்துகொள்கின்றன. 2021இல் வந்த ஜி.பி.எக்ஸ். 6000இல் திருகுகளே அநேகமாக இல்லை. புதிதாக வருபவருக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் ஒருமுறையாவது கையால் கிரவுண்ட் பேலன்ஸ் செய்து பழகியவர்களுக்குத்தான் தானியங்கி எங்கே தடுமாறுகிறது என்று பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். மண் மாறியதைக் கருவிக்கு முன்பே அவர்கள் காது சொல்லிவிடும்.

இரண்டு கருவிகளை ஆழத்துக்காக ஒப்பிடும் முறையும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கடையில் காயிலுக்கு முன்னே நாணயத்தை ஆட்டிக் காட்டுவார்கள். காற்றில் மண் இல்லை. மண்ணைக் கழிக்கும் திறமைதான் இந்தக் கருவிகளின் உயிர், அதைச் சோதிக்காத சோதனை எதற்கு? குழி தோண்டிப் புதைத்துப் பார்ப்பது கொஞ்சம் மேல். ஆனால் கிளறிய மண் கிளறாத மண்ணைப் போலப் பேசாது. அனுபவசாலிகள் செய்வது வேறு. ஒருவருக்குச் சந்தேகமான சத்தம் கேட்டதும் தோண்டாமல் நிறுத்துவார். தன் கருவியை அணைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். நண்பர் தன் கருவியை அதற்கேற்ற சிறந்த செட்டிங்கில் வைத்து வருவார். இவருடைய எண்ணையே அதிலும் வைப்பதில்லை, ஒரு கருவியின் 10 இன்னொன்றின் 10 அல்ல. இடம் எது என்றும் சொல்ல மாட்டார்கள், அவரே கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் தோண்டுவது, ஆழத்தை அளப்பது, என்ன பொருள் என்று எழுதிவைப்பது. பெரும்பாலும் அது பழைய ஆணி, ஈயக் குண்டு, பூட்ஸ் லாடம். ஒப்பீட்டுக்கு அதுவும் போதும்.

2023இல் தங்க முக்கோணத்திலிருந்து ஒருவர் பையில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு ஜிலாங் நகரத் தங்க வியாபாரியிடம் வந்தார். 4.6 கிலோ கல், அதனுள்ளே 2.6 கிலோ தங்கம், மதிப்பு சுமார் 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். அவர் பயன்படுத்தியது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. அப்போது சுமார் 1,200 டாலர் விலையிருந்த கருவி, நாணயமும் நகையும் தேடுவோர் கையில் அதிகம் காணப்படுவது. ஆழப் போட்டியில் அது ஜி.பி.இசட். பக்கத்தில்கூட நிற்காது. அந்தக் கல்லின் மேலே அன்று வீசப்பட்ட காயில் அதனுடையது.

மண்ணோடான உறவும் இந்த 170 ஆண்டுகளில் மாறியிருக்கிறது, எனக்கு இது கருவியைவிட முக்கியம். தங்கம் தேட மாதாமாதம் உரிமக் கட்டணம் வாங்கிய அரசை எதிர்த்து 1854இல் பல்லாரட்டில் யுரேகா கிளர்ச்சி வெடித்தது. அடுத்த ஆண்டு ‘மைனர்ஸ் ரைட்’ என்ற ஆண்டு அனுமதி வந்தது. இன்றும் அதே பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கலாம். பத்து ஆண்டு செல்லும், கிடைக்கும் தங்கம் கண்டவருக்கே. கைக்கருவி மட்டும்தான் பயன்படுத்தலாம், தனியார் நிலமென்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும், தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் விலக்கு, பூர்வகுடித் தொல்பொருள்களைத் தொடக்கூடாது. டனோலி, மோலியாகல், பெண்டிகோ எல்லாம் ஜா ஜா வுரங் மக்களின் பூர்வ நிலம். தங்க வேட்டை புரட்டிப்போட்ட அந்த மண்ணை அவர்கள் ‘தலைகீழான நாடு’ என்கிறார்கள். அந்தக் காடுகளில் இன்றும் 1850களின் குழிகளும் மண்மேடுகளும் அப்படியே கிடக்கின்றன.

டிடெக்டர்காரர் தோண்டும் குழி ஒரு சாண், இரண்டு சாண். அதையும் மூடாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், சட்டம் மூடச் சொல்கிறது. பக்குவப்பட்டவர்கள் முதலில் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைப்பார்கள், மூடும்போது அடிமண்ணை முன்னே போட்டு, மேல்மண்ணை மேலே பரப்பி, சருகை இழுத்துவிட்டு, எடுத்த ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு நகர்வார்கள். ஆணியை அங்கேயே எறிந்தால் அடுத்து வருபவருக்கு அதே சத்தம், அதே இடத்தில் இன்னொரு குழி.