பழைய வேட்டியில் பாப்பாவுக்கு ஜப்லா: பட்டன் ஏன் வேண்டாம்?

தாத்தாவின் பழைய வேட்டியில் கைக்குழந்தைக்கு ஜப்லா தைப்பது நம்ம வீடுகளில் ரொம்ப நாள் வழக்கம். பலமுறை துவைத்த பருத்தித் துணியில் மொடமொடப்பு போயிருக்கும். பச்சை உடம்பை உரசாது.

கவனம் தேவைப்படுவது கழுத்தில்தான். நீள நாடா கழுத்தை இறுக்கலாம். அழகுக்கு வைக்கும் பட்டனோ மணியோ பிய்ந்து வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 3 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளில், சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் சின்னப் பாகங்களுக்கு அமெரிக்காவில் தடையே இருக்கிறது. தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் கழுத்து வைத்தால் நாடாவும் வேண்டாம், பட்டனும் வேண்டாம்.

வீட்டில் 4, 5 வயது அக்கா இருந்தால், ஊசியைத் தராமல் சாக்பீஸில் கோடு போட விடலாம். ‘நான் செஞ்ச சட்டை’ என்று ஊருக்கே சொல்லும்.

தைத்ததும் குண்டூசிகளை எண்ணிவிட்டு, அலசிக் காயவைத்த பிறகே போட வேண்டும்.