கொலையும் பேயும் காலின் வில்சனும்

காலின் வில்சனின் புத்தகங்களை ஒரே அலமாரியில் அடுக்க எந்த நூலகராலும் முடியாது. தத்துவம், கொலைக் கலைக்களஞ்சியம், ஆவி ஆராய்ச்சி, அறிவியல் புனைகதை, இசை, போதாக்குறைக்கு மதுவைப் பற்றியும் ஒன்று என்று நூற்றுக்கும் மேல் எழுதித் தள்ளிய ஆங்கிலேயர் அவர். அத்தனைக்கும் அடியில் கிடந்தது ஒரே கேள்விதான். விழித்திருக்கும்போதும் மனிதன் ஏன் அரைத் தூக்கத்திலேயே காலம் தள்ளுகிறான்?

1931-இல் லெஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. வில்சன் 16 வயதில் படிப்பை விட்டார். கம்பளித் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பள்ளி ஆய்வகத்தில் உதவியாளரானார். வாழ்க்கை கசந்துபோன ஒரு நாளில் ஆய்வகத்திலிருந்த விஷ பாட்டிலைக் கையில் எடுத்தார். சாவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் எல்லாம் தலைகீழானது. ஒரு நிமிடம் முன்புவரை சலித்துக் கிடந்த அதே வாழ்க்கை பெரும் செல்வமாகத் தெரிய, பாட்டிலை மூடி வைத்துவிட்டார். காளியின் தரிசனம் கிட்டாத ஏக்கத்தில் கோயில் வாளை எடுத்து உயிரை விடத் துணிந்தபோதுதான் ராமகிருஷ்ணருக்கு அந்தப் பேரனுபவம் வாய்த்தது. பின்னாளில் தன் முதல் நூலில் வில்சன் ராமகிருஷ்ணரைத் தேடிப் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த முதல் நூல் ‘தி அவுட்சைடர்’. வாடகை மிச்சமாகட்டும் என்று லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வெளியில் படுக்கைப் பையில் இரவைக் கழிப்பார். பகலெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறையில் எழுதுவார். வான் கோ, நிஜின்ஸ்கி, டி. இ. லாரன்ஸ், தஸ்தயெவ்ஸ்கி என ஊரோடு ஒட்டாத மனிதர்களை வரிசையாக விசாரிக்கும் புத்தகம் அது. 1956 மே மாதம் வெளிவந்தபோது அவருக்கு வயது 24. ஃபிலிப் டாயின்பீயும் சிரில் கானலியும் பெரிய ஞாயிறு இதழ்களில் பாராட்டித் தள்ள, ஒரே வாரத்தில் பிரபலமானார். சரிவும் அதே வேகத்தில் வந்தது. 1957-இல் காதலியின் குடும்பத்தார் வில்சனின் நாட்குறிப்பைப் பார்த்து மிரண்டுபோனார்கள். அவளுடைய அப்பா குதிரைச் சவுக்கோடு வீட்டுக்குள் புகுந்தார். நாட்குறிப்பில் இருந்ததெல்லாம் ஒரு கொலைகாரனைப் பற்றிய நாவலுக்கான குறிப்புகள்! பத்திரிகைக்காரர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி. இருவரும் லண்டனை விட்டுக் கார்ன்வால் கடற்கரைக்குப் போனார்கள். அடுத்த புத்தகத்தை, முதலில் புகழ்ந்த டாயின்பீ உட்பட எல்லோரும் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வில்சன் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவருடைய சிந்தனையின் மையத்தைப் பிடிக்க ஒரு லாரிப் பயணம் போதும். 1954-இல் வெயில் கொளுத்தும் ஒரு பிற்பகல், வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ‘லிஃப்ட்’ கேட்டு நிற்கிறார். போகவும் பிடிக்கவில்லை, திரும்பவும் பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு லாரி நிற்கிறது. அவருக்கு அப்போதும் மகிழ்ச்சி இல்லை. சிறிது தூரத்தில் கியர்பாக்ஸில் ஏதோ சத்தம், இறங்க வேண்டியதாகிறது. இரண்டாவது லாரி கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதிலும் அதே கோளாறு. ‘ஐயோ, இதுவுமா’ என்று முதன்முறையாக மனம் அசைகிறது. மணிக்கு 20 மைலுக்குள் ஓட்டினால் சத்தம் வராது என்று டிரைவர் கண்டுபிடிக்கிறார். மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றதும் வில்சனுக்குள் ஒரே சந்தோஷம். உடனே ஒரு கேள்வி. புதிதாக என்ன கிடைத்துவிட்டது? ஒரு தொல்லை வரப் பார்த்தது, வரவில்லை, அவ்வளவுதானே? அப்போது லாரி செயின்ட் நியோட்ஸ் என்ற ஊரைக் கடந்துகொண்டிருந்தது. இன்பத்துக்கு அசையாத மனம் தொல்லைக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் அந்த விளிம்புக்கு, ஊரின் பெயரையே வைத்துவிட்டார்.

இதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ‘ரோபோ’ என்றார் வில்சன். டைப் அடிக்கவோ கார் ஓட்டவோ முதலில் திணறிக் கற்கிறோம். பிறகு உள்ளிருக்கும் ரோபோ பொறுப்பேற்றுக்கொள்கிறது. நல்ல வேலைக்காரன்தான். ஆனால் இசை கேட்பதையும் அன்பு செலுத்துவதையும்கூட அவனே நம் சார்பில் செய்து முடித்துவிடுகிறான். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ ‘உச்ச அனுபவம்’ என்று அழைத்த ஆனந்தக் கணங்களில் மட்டும் ரோபோ ஒதுங்கி நிற்கிறது. மாஸ்லோவுக்கு அது தானாக வரும் விருந்தாளி. வரவழைக்கப் பழகலாம் என்பது வில்சனின் கட்சி.

கொலைகாரன் இங்கேதான் உள்ளே வருகிறான். அதே மந்தநிலையிலிருந்து தப்பிக்கக் குறுக்குவழி தேடுபவன் குற்றவாளி என்பது வில்சனின் வாதம். 1984-இல் வந்த ‘மனிதகுலத்தின் குற்ற வரலாறு’ நூலில் பசியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் மாஸ்லோவின் தேவைகள் ஏணியைக் குற்றத்தின் மேல் சாத்திப் பார்த்தார். ஒரு காலத்தில் பசிக்காகவும் சொத்துக்காகவும் கொன்றார்கள், பிறகு காமத்துக்காக, இருபதாம் நூற்றாண்டில் ‘நான் யார் தெரியுமா’ என்று காட்டுவதற்காக. அறிவியல் புனைகதை எழுத்தாளர் வான் வோக்ட்டிடமிருந்து இன்னொரு சித்திரத்தையும் எடுத்துக்கொண்டார். தான் தவறு செய்ததாக எந்நாளும் ஒப்புக்கொள்ளாத, வெளியே கண்ணியமாகவும் வீட்டில் கொடுங்கோலனாகவும் வாழும் ஆண். இதைப் படிக்கும்போது நமக்கே இரண்டொரு முகங்கள் நினைவுக்கு வரும். வரலாறு முழுவதையும் இந்த ஏணியில் ஏற்றிவிட முடியாது. ஆனாலும் ‘ஏன் கொன்றான்’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘கொன்றபோது அவன் மனம் எதைத் தேடியது’ என்று கேட்டவர்கள் அன்று அதிகமில்லை.

பேய்களிடம் அவர் வந்தது தற்செயல். பதிப்பாளர் கேட்டார், பணம் தேவைப்பட்டது. அரைகுறை நம்பிக்கையோடு தொடங்கிய ‘தி ஆக்கல்ட்’ 1971-இல் வந்து சக்கைப்போடு போட்டது. இருக்கும் இடத்தையும் நேரத்தையும் தாண்டிய ஒன்றை நிஜமாக உணரும் ஆற்றலை அதில் ‘ஃபேக்கல்டி எக்ஸ்’ என்றார். தேநீரில் நனைத்த கேக்கை வாயில் வைத்ததும் ப்ரூஸ்டின் நாவலில் பால்யம் உயிரோடு திரும்புகிறதே, அதுதான். இதுவரை சரி. பிறகு தராசு சாய்ந்தது. பொருள்கள் தாமாகப் பறக்கும் போல்டர்கைஸ்ட் நிகழ்வுகளுக்கு, வீட்டிலுள்ள பதின்வயதுப் பிள்ளைகளின் ஆழ்மனமே காரணம் என்று நினைத்திருந்தவர், யார்க்‌ஷயரின் பான்டிஃப்ராக்ட் நகரில் ஒரு வீட்டை விசாரித்த பிறகு, ஆவிகளேதான் என்று கட்சி மாறினார். கரண்டி வளைக்கும் யூரி கெல்லருக்காக ஒரு புத்தகம், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸுக்காக இன்னும் சில. சாட்சி சொன்னவர்களையெல்லாம் நம்பினார். கொலை வழக்குகளில் காட்டிய கறார் ஆவி வழக்குகளில் காணாமல் போனது. மார்ட்டின் கார்டனர் போன்ற சந்தேகவாதிகள் அவரைச் சாடியதில் நியாயம் இருக்கிறது.

பேய்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பென்சில் பயிற்சி. வெறும் சுவருக்கு முன் பென்சிலைப் பிடித்து, அது தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்கு உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு கவனத்தைத் தளர்த்தி அறை முழுவதையும் பார்க்க வேண்டும். மறுபடி பென்சில், மறுபடி அறை. சிறிது நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் வலி எடுக்கும். அப்போதும் விடக்கூடாது என்பார். அந்தக் களைப்பைத் தாண்டினால் மனம் தானாக விரியும் என்பது அவர் கணக்கு.

2013 டிசம்பர் 5 அன்று கார்ன்வாலில் வில்சன் இறந்தார். நெல்சன் மண்டேலா மறைந்ததும் அதே நாளில்தான்.